வடநெம்மேலி பாம்பு உரிமம்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் ஊர் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தமிழ்நாடு வனத்துறை தரும் அனுமதியே வடநெம்மேலி பாம்பு உரிமம். குறிப்பிட்ட நான்கு வகை நச்சுப்பாம்புகளைப் பிடிக்கலாம், நஞ்சு எடுக்கலாம், பிறகு உயிரோடு காட்டில் விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். இந்திய மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடப்படும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்த ஒரே இடத்திலிருந்து போகிறது. அதனால் இந்த உரிமத்தை வனவிலங்குச் சட்டத்தின் ஒரு சிறு பிரிவாக மட்டும் பார்த்தால் போதாது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோருக்கான பதிவுச் சட்டங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று இது.

தொழிலுக்கு உரிமம் ஏன்?

சேவை பெறுபவர் தருபவரின் திறமையை முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க முடியாத தொழில்கள் உண்டு. அவற்றில் சிலவற்றில் தவறு நேர்ந்தால் திருத்தவும் முடியாது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அரசுகள் பொதுமக்கள் சார்பில் தலையிட்டன. பிரிட்டனில் 1858-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் தகுதி பெற்றவர்களின் பெயர்ப் பதிவேட்டை உண்டாக்கியது. அதே வழியில் பம்பாயில் 1912-இலும் சென்னை மாகாணத்தில் 1914-இலும் மருத்துவர் பதிவுச் சட்டங்கள் வந்தன. செவிலியர், மருத்துவச்சிகளுக்கான சென்னைச் சட்டம் 1926-ஆம் ஆண்டினது. மருந்தாளுநர்களுக்கான மத்தியச் சட்டம் 1948-இல் பிறந்தது.

இவை எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. படிப்பும் பயிற்சியும் முடித்தவரின் பெயர் பதிவேட்டில் ஏறும். அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களைக் கொண்ட ஒரு கவுன்சில் புகார்களை விசாரிக்கும். குற்றம் உறுதியானால் பெயரை நீக்கும். நீக்கும் அதிகாரம் இல்லாத பதிவேடு வெறும் முகவரிப் புத்தகம்தான். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்ப்பவருக்கு 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று விதிக்கிறது. ஒரு முறையில் பதிவு பெற்றவர் இன்னொரு முறையின் மருந்தை எழுதித் தருவதையே அலட்சியமாகக் கொள்ளலாம் என்று, ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது.

வடநெம்மேலி உரிமம் இந்தக் குடும்பத்தில் பிறந்ததல்ல. அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்தது. வனவிலங்குகளை வேட்டையாடத் தடை விதிக்கும் அந்தச் சட்டம், 12-ஆம் பிரிவில் சில விலக்குகளைத் தருகிறது. கல்வி, அறிவியல் ஆய்வு போன்றவற்றோடு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு சேகரிப்பதும் அவற்றில் ஒன்று. சட்டம் முதலில் நினைத்தது பாம்பின் உயிரை. கடிபட்டவரின் உயிர் அந்த விலக்கின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

தோல் வணிகத்திலிருந்து நஞ்சு வரை

இருளர்கள் தமிழ்நாட்டின் பழங்குடிகள்; மத்திய அரசு மிகவும் நலிந்த நிலையில் இருப்பதாக வகைப்படுத்தியுள்ள பழங்குடிகளில் ஒரு பிரிவினர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளின் ஏரிக்கரைகள், வயல் வரப்புகள், புதர்க்காடுகள் அவர்களுக்கு மனப்பாடம். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வணங்கி, பெண் கேட்டு, திருமணம் பேசி முடிப்பவர்கள் இவர்கள்தான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இவர்களில் பல குடும்பங்களுக்குப் பாம்புத் தோலே வருமானம். பிடித்த பாம்பு சென்னைத் தோல் பதனிடும் கூடங்கள் வழியாக வெளிநாட்டுக்குக் கைப்பையாகவும் செருப்பாகவும் போனது. 1972-இல் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புகளுக்கு அது மறுவாழ்வு. ஆனால் இருளர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. தெரிந்த ஒரே தொழில் ஒரே நாளில் குற்றமானது.

கிண்டி பாம்புப் பண்ணையையும் 1976-இல் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கிய ஊர்வனவியலாளர் ராமுலஸ் விட்டேக்கர் இருளர்களிடம் பாம்பு பிடிக்கக் கற்றவர். அதே திறமையைக் கொல்லாமல் பயன்படுத்த வழி உண்டு என்று அவரும் இருளர்களும் அரசிடம் எடுத்துச் சொன்னதன் விளைவாக, 1978-இல் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. தொழில் கூட்டுறவு என்பதால் அதன் நிர்வாகம் தொழில் வணிகத் துறையின் கண்காணிப்பில் வருகிறது. பாம்புக்கு வனத்துறை, சங்கக் கணக்குக்குத் தொழில் வணிகத் துறை என்று ஆரம்பம் முதலே இதற்கு இரண்டு கண்காணிப்பாளர்கள்.

உரிமம் செயல்படும் விதம்

அனுமதிக்கப்பட்ட நான்கு பாம்புகள்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளுக்குப் பெரிதும் காரணமானவை இவை என்பதால், நாட்டில் தயாராகும் நஞ்சுமுறியும் இந்த நான்கையும் எதிர்க்கும் கூட்டு மருந்தாகவே இருக்கிறது. ஒவ்வொரு வகையிலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை உச்சவரம்பு வைக்கிறது. அது ஒருமுறை தந்தால் நிலைத்துவிடும் அனுமதி அல்ல. காலம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

உறுப்பினர்கள் ஆணும் பெண்ணுமாகக் கடப்பாரையோடு கிளம்புகிறார்கள். மண்ணில் பதிந்த தடம், வளை வாயிலில் கிடக்கும் சட்டை, எச்சம் இவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடுவார்கள். கொண்டுவந்த பாம்பை எடை போட்டு, வகை எழுதி, பிடித்தவர் பெயரில் பதிந்து, அதற்கான தொகையைச் சங்கம் தருகிறது. பாம்பு மண்பானைக்குள் போகும். பானை வாயில் துணி கட்டப்படும். ஏறத்தாழ மூன்று வாரம் அங்கே இருக்கும். அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை நஞ்சு எடுக்கிறார்கள். மெல்லிய உறை இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைப் பாம்பு கடிக்கிறது. நஞ்சு குவளைக்குள் சொட்டுகிறது. இந்தக் காட்சியைப் பார்வையாளர்களும் பார்க்கலாம்.

விடுவிக்கும் முன் பாம்பின் வயிற்றுச் செதிலில் சிறு அடையாள வெட்டு இடுவார்கள். அதே பாம்பு சில வாரத்தில் மறுபடி மாட்டினால் வெட்டு காட்டிக்கொடுக்கும். அதை எடுக்காமல் விட்டுவிட வேண்டும். தோல் உரிக்க உரிக்க வெட்டு மறைந்துவிடும் என்பதால், ஓய்வெடுத்துத் தேறிய பாம்பு மறுபடி கணக்குக்குள் வரலாம். எளிய ஏற்பாடுதான். ஆனாலும் உரிம நிபந்தனையை ஒவ்வொரு பாம்பின் உடலிலேயே எழுதிவைக்கும் இந்த முறையைவிட நேர்மையான தணிக்கையை நான் வேறு தொழிலில் கண்டதில்லை.

எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடி மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது.

நஞ்சிலிருந்து நோயாளி வரை

இனி மற்ற உரிமங்களின் ஆட்சி. நஞ்சுமுறி தயாரிக்கும் ஆலைக்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். ஒரு மில்லிலிட்டர் மருந்து நல்லபாம்பு, கண்ணாடிவிரியன் நஞ்சில் தலா 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் நஞ்சில் தலா 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது இந்திய மருந்து நெறித்தொகுப்பின் அளவுகோல். ஆலையிலிருந்து மருத்துவமனைக்குப் போனபின், அதை எப்போது, எவ்வளவு போடுவது, ஒவ்வாமை வந்தால் என்ன செய்வது என்று முடிவு செய்பவர் பதிவு பெற்ற மருத்துவர்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் சாவு நேரும். கிராமங்களில் பெரும்பாலும் தளர்வது கடைசிக் கண்ணிதான். மந்திரிப்பவரிடமும், பச்சிலை கொடுக்கும் விஷக்கடி வைத்தியரிடமும் கழியும் முதல் ஒரு மணி நேரமே பலரைக் கொன்றிருக்கிறது. நஞ்சில்லாத பாம்பு கடித்தவர்களும், கடித்தும் நஞ்சை இறக்காத பாம்பிடம் தப்பியவர்களும் அங்கே பிழைக்கிறார்கள்; அந்தப் பெயர் வைத்தியருக்குச் சேர்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வளரும் இந்த நம்பிக்கையைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவால் மட்டும் அசைக்க முடியவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்தவர்.

குறைகளும் விவாதமும்

ஓரிடத்து நஞ்சை வைத்துத் தயாரித்த மருந்து நாடு முழுவதற்கும் பொருந்துமா என்பது இன்றைய முதன்மைக் கேள்வி. ஒரே வகைப் பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழு 2019 முதல் வெளியிட்ட ஆய்வுகள், வேறு மாநிலப் பாம்புகளின் நஞ்சுக்கு எதிராக இந்தக் கூட்டு மருந்து பல இடங்களில் வலுவிழப்பதைக் காட்டின. இது இருளர்களின் பிழையல்ல. தங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பாம்பை, அனுமதிக்கப்பட்ட நிலத்தில் அவர்கள் பிடித்தார்கள். மற்ற மாநிலங்கள் இப்படியொரு முறையான ஏற்பாட்டை வளர்க்காததுதான் பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறைகள், நஞ்சு எந்தப் பாம்பிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைத் தடம் பிடிக்கக்கூடிய பதிவுகளை வலியுறுத்துகின்றன. மண்பானை முறை அந்தத் திசையில் மேம்பட வேண்டும் என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு குறை அதைவிட ஆழமானது என்பேன். மருத்துவரின் பதிவு அவருக்கே உரியது. விசாரணையின்றி எவரும் அதைப் பறிக்க முடியாது. இருளர் பாம்பு பிடிப்பவருக்குத் தனிப்பதிவு இல்லை. அவர் தொழில் செய்யும் உரிமை, சங்கத்துக்கு அவ்வப்போது வரும் ஓர் அரசாணையில் தொங்குகிறது. ஆணை தாமதமான காலங்களில் பானைகள் காலியாகக் கிடந்தன, குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கூலிக்கும் போயின. அறிவு அவரிடம், அதை உறுதிப்படுத்தும் காகிதம் வேறெவரிடமோ.

இந்த அறிவின் தரத்துக்கு வெளிச் சான்று வேண்டுமானால் அமெரிக்காவைக் கேட்கலாம். 2017-இல் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அங்குள்ள பல்கலைக்கழகமும் வனவிலங்கு ஆணையமும் அழைத்தன. தேடிச் சலித்த உள்ளூர்க்காரர்களுக்குக் கண்ணில் படாத பாம்புகளை அவர்கள் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது பெற்ற அந்தத் திறமையை அடுத்த தலைமுறை இருளர் இளைஞர் ஒரு தேர்வின் மூலம் நிரூபித்துச் சொந்தப் பெயரில் சான்றிதழ் பெற இன்னும் வழி இல்லை.

கேரளம் ஒரு வழி காட்டுகிறது. நஞ்செடுக்க அல்ல, வீடுகளுக்குள் புகும் பாம்புகளை மீட்க. 2020-இல் வகுத்த விதிகளின்படி அம்மாநில வனத்துறை ஆர்வலர்களுக்குப் பயிற்சி தந்து, தனிநபருக்குச் சான்று வழங்குகிறது. சான்று பெற்றவர்களை மக்கள் சர்ப்பா என்ற கைபேசிச் செயலி மூலம் அழைக்கலாம். சான்றின்றிப் பாம்பு பிடிப்பதும் அதை வைத்து வித்தை காட்டுவதும் குற்றம். அந்த விதிகள் வந்த ஆண்டில்தான், கொல்லத்தில் மனைவியைக் கொல்லக் கணவன் நல்லபாம்பை விலைக்கு வாங்கிய கொடுமை வெளிவந்தது. யார் பாம்பு பிடிக்கிறார், பிடித்ததை என்ன செய்கிறார் என்ற கணக்கு பொதுமக்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான விடை கிடையாது.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் ஒவ்வொரு பாம்புக்கடியையும் சாவையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எந்தப் பாம்பு அதிகம் கடிக்கிறது என்ற கணக்கு சேரச் சேர, எங்கெங்கே நஞ்சு எடுக்க வேண்டும், எத்தனை உரிமம் தர வேண்டும் என்பதை ஊகத்தில் அல்லாமல் கணக்கில் முடிவு செய்யலாம். அப்போது வடநெம்மேலிக்காரர்களைப் பயிற்றுநர்களாக மற்ற மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் அனுப்புவதே முறை. அவர்களுக்குத் தனிப்பெயரில் நிலையான பதிவைத் தருவது அதற்கு முன்நிபந்தனை.

கடிபட்டவருக்கு இந்த விவாதங்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். நஞ்சுமுறி இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்; அங்கே அந்த மருந்துக்குக் கட்டணம் இல்லை.