சுமைத் துவிச்சக்கரவண்டியும் லொறியும்

ஒரு கருவி வழக்கொழிந்தது எனின், அதனினும் சிறந்த பிறிதொன்று தோன்றியமையே காரணம் என நாம் எளிதிற் கருதிவிடுகிறோம். நகரங்களில் கடைக்கும் வீட்டுக்கும் பொருள் கொண்டுசென்ற சுமைத் துவிச்சக்கரவண்டியின் வரலாறு இக்கருத்தை ஐயுறச் செய்கின்றது. அவ்வண்டி லொறிக்கு இடங்கொடுத்து மறைந்தமையும், பின்னர் மீண்டமையும் ஈண்டு ஆராயப்படும்.

1888 இல் டன்லொப் உரிமம் பெற்ற காற்றடைத்த ரயர், துவிச்சக்கரவண்டியைப் பொதுமக்களின் ஊர்தியாக்கியது. உரொட்டி சுடுவோரும் இறைச்சி விற்போரும் அதனைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்தினர். டென்மார்க்கில் 1920களில் ‘லோங் ஜோன்’ என்னும் நீண்ட வண்டி உருவாயிற்று. அதன் முற்சக்கரம் முன்னே தள்ளி அமைந்தது. சக்கரத்துக்கும் ஓட்டுபவனுக்கும் இடையிலுள்ள தாழ்ந்த தளத்திலே சுமை வைக்கப்பட்டது. சுமை நிலத்தை அண்மியிருந்தமையால் வண்டி எளிதிற் சரிவதில்லை. இத்தகைய வண்டிகளை ஓட்டிய இளைஞர் கோபன்ஹேகன் நகரில் ‘ஸ்வாயர்’ எனப்பட்டனர். ஜேர்மனியரின் ஆட்சியில் எரிபொருள் அரிதாயிருந்த 1942 இல் அவர்களுக்கென ஓட்டப்பந்தயமும் தொடங்கியது.

அப்பந்தயம் 1960 உடன் நின்றுபோனமை ஒரு காலத்தின் முடிவைக் குறிக்கின்றது. போருக்குப் பின்னர் எரிபொருள் மலிந்தது, சிறு லொறிகள் பெருகின, பெருங்கடைகள் தோன்றின, சொந்தக் கார் வைத்திருந்தோர் தம் பொருளைத் தாமே ஏற்றிச் சென்றனர். குறைந்த கூலிக்கு மழையிலும் பனியிலும் வண்டி மிதித்த இளைஞர் வேறு தொழில்களை நாடியதில் வியப்பில்லை. பழைமையைப் போற்றுவோர் அவர்கள் பட்ட பாட்டை மறத்தல் ஆகாது.

எனினும், லொறி நுழையாத இடத்தில் அவ்வண்டி மறுபிறப்பெடுத்தது. 1971 இல் அந்நகரின் பழைய படைமுகாமொன்றில் உருவான கிறிஸ்ரியானியா என்னும் குடியிருப்பிலே கார்களுக்கு இடமில்லை. அங்கே 1984 இல், முன்புறம் பெட்டி பொருத்திய மூன்று சக்கரச் சுமைவண்டி செய்யப்பட்டது. பின்னர் வந்த மின்மோட்டார், மிதிப்போரின் உடல் வருத்தத்தையும் பெரிதுங் குறைத்தது.

இலண்டன் நகரின் நடுப்பகுதியில் ஒரு நிறுவனத்தின் சுமைவண்டிகளை வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் மோட்டார் வான்களுடன் ஒப்பிட்டு, 2021 இல் முடிவை வெளியிட்டனர். வான் மணிக்கு 6 பொதிகளைச் சேர்ப்பிக்க, சுமைவண்டி 10 பொதிகளைச் சேர்ப்பித்தது. காரணம் எளிது: வான் நெரிசலிற் காத்துநின்று, பின்னர் நிறுத்த இடந்தேடி அலையும், துவிச்சக்கரவண்டியோ ஒழுங்கையிற் புகுந்து வாயிலிலே நிற்கும். ஆயினும் மரமும் சீமெந்தும் ஏற்றுதற்கும், ஊர்விட்டு ஊர் செல்லுதற்கும் லொறியே வேண்டும். நகர எல்லைவரை லொறியும், அங்குள்ள சிறு களஞ்சியத்திலிருந்து வாயில்வரை துவிச்சக்கரவண்டியும் எனப் பகிர்வதே முறையாகும்.

இவ்வுண்மை யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருளுக்குத் தடை விதிக்கப்பட்டபோது, விறகும் மரக்கறியும் அரிசி மூட்டையும் நோயாளரும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றனர். அது விரும்பி ஏற்ற வழியன்று. உடலை வருத்திய வழி. 2022 ஆம் ஆண்டு யூன் 28 முதல் யூலை 10 வரை, அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோர்க்கு எரிபொருள் விற்பனையை அரசு நிறுத்தியபோதும் நாம் அதனையே நாடினோம். நெருக்கடி தணிந்ததும் மறந்தோம்.

இடர்க்காலத்தில் மட்டும் நாடப்படும் கருவி, வறுமையின் அடையாளமாகவே எண்ணப்படும். தெருவில் அதற்கெனத் தனி இடமும், ஓட்டுவோர்க்குத் தகுந்த கூலியும் நல்ல காலத்திலேயே வகுக்கப்படின் அவ்வெண்ணம் நீங்கும். கோபன்ஹேகனில் 2009 இல் அப்பழைய பந்தயம் மீண்டும் தொடங்கியது. அங்கு விருப்பினால் மீண்டது, இங்கு இன்னலினால் மட்டுமே மீளவேண்டும் என்பது விதியன்று.