ஊட்டிக் குளிரும் சோக்கும்
சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் சனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். புல்வெளிகளில் உறைபனி படியும். அக்குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. கார்புரேட்டர் வண்டிகளில் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, எஞ்சின் சூடேறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் மேட்டிலேயே எஞ்சின் நின்றுவிடும். 1983இல் வந்த மாருதி 800உம் அத்தகைய வண்டியே.

2000 வாக்கில் கார்களும், பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த 2020இல் பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளும் எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறின. குளிருக்கேற்ற பெட்ரோல் அளவைச் சென்சார்களே அறிகின்றன. பழக்கம் மட்டும் போகவில்லை. நிறுத்திவைத்தே நெடுநேரம் ஓட்டினால், குளிர்ந்த எஞ்சினுக்குள் செல்லும் மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அரை நிமிடத்தில் புறப்பட்டு மெதுவாக ஓட்டும்போதே எஞ்சின் விரைவில் சூடேறுகிறது.