பெரம்பூர் ஆலையும் ஒரு சங்கமும்

சென்னையில் ஒரு காலத்தில் ஆலைகள் இயங்கிய இடங்கள் சிலவற்றில் இன்று நம்முடையதைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. பெரம்பூர் பின்னி மில் வளாகம் அவற்றில் ஒன்று. தனியார் தொழில் ஒரு ஊருக்கு எதைத் தரும், எதைக் கேட்டுத்தான் பெற வேண்டும் என்பதை அறிய அந்த ஆலையின் கதை போதும்.

பின்னி நிறுவனம் 1870-களின் பிற்பகுதியில் பக்கிங்ஹாம் ஆலையையும், சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையையும் தொடங்கியது. 1920-இல் இரண்டும் ஒரே கம்பெனியாயின. இங்கு தயாரான காக்கித் துணி நாடெங்கும் பெயர் பெற்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரிப் பகுதிகள் தொழிலாளர் பேட்டைகளாக வளர்ந்தன. தொழிலாளர் பிள்ளைகளுக்கு நிர்வாகமே பள்ளி நடத்தியது. வீடுகளும் கட்டித் தந்தது.

ஆனால் வேலை நேரம் நீண்டது. மதிய உணவு இடைவேளையோ மிகக் குறைவு. இந்தக் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரு வணிகர்கள். அவர்கள் முயற்சியால் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க.வும் துணை நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக இதைக் கருதுகிறார்கள்.

பள்ளிக்கூடம் கட்டிய அதே நிர்வாகம் சங்கத்தை ஏற்கவில்லை. சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. 1921-இல் சுமார் ஆறு மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. தொழிலாளர்களிடையே சாதிப் பிளவும் மூண்டது. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஆயினும் அந்த வழக்கு எழுப்பிய கேள்வி நின்றுவிடவில்லை. சங்கம் அமைப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

ஆலை 1996-இல் மூடப்பட்டது. சம்பளத்தை நம்பியிருந்த தெருக்கள் தவித்தன. ஆலையை நம்பி வளர்ந்த ஊர், ஆலை போனதும் என்ன ஆகும் என்பதற்கும் பெரம்பூரே சாட்சி.

நம் குடியிருப்பில் யார் வீட்டிலாவது தாத்தாவோ அப்பாவோ பின்னி மில்லில் வேலை பார்த்திருந்தால், அந்த நினைவுகளை அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.