சினூக் காற்று

சினூக் என்பது வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரைக் கடந்து அதன் கிழக்குச் சரிவில் இறங்கி, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் முதல் அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், கொலராடோ மாநிலங்கள் வரையுள்ள சமவெளிகளில் வீசும் வறண்ட வெப்பக்காற்றாகும். கொலம்பியா ஆற்றின் கீழ்ப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட சினூக் பழங்குடியினரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் நிலத்தின் மீது இக்காற்று வந்து சேரும்போது வெப்பநிலை சில மணி நேரத்தில், சில வேளைகளில் சில நிமிடங்களிலேயே, பருவம் மாறிவிட்டது போல உயர்கிறது. காற்று ஓய்ந்ததும் அதே வேகத்தில் வீழ்கிறது. உலகில் அளவிடப்பட்ட மிகக் கடுமையான குளிர்கால வெப்பநிலை ஊசலாட்டங்கள் பல இப்பகுதியிலேயே பதிவாகியுள்ளன.

1972 சனவரி 14, 15 ஆகிய நாள்களில் மொன்டானாவின் லோமா என்னும் சிற்றூரில் வெப்பநிலை 24 மணி நேரத்திற்குள் −48 பாகை செல்சியசிலிருந்து 9 பாகைக்கு உயர்ந்தது. அதே மாநிலத்தின் பிரௌனிங்கில் 1916 சனவரி 23, 24இல் நிகழ்ந்தது இதன் மறுதலை: ஆர்க்டிக் காற்றுத்திரள் ஒன்று புகுந்ததால் 7 பாகையாக இருந்த வெப்பநிலை ஒரு நாளுக்குள் −49 பாகைக்கு இறங்கியது. விரைவு என்ற அளவில் இவ்விரண்டையும் விஞ்சியது தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் குன்றுகளின் அடிவாரத்திலுள்ள ஸ்பியர்ஃபிஷ் நகரின் பதிவு. அங்கு 1943 சனவரி 22 அன்று காலை 7.30 மணிக்கு −20 பாகையாக இருந்த வெப்பநிலை இரண்டே நிமிடங்களில் 7 பாகையாகியது. ஒன்பது மணியளவில் 12 பாகையைத் தொட்டு, அதன்பின் 27 நிமிடங்களில் மீண்டும் −20 பாகைக்குச் சரிந்தது. திடீர் மாற்றத்தைத் தாங்காமல் சன்னல் கண்ணாடிகள் விரிசல் கண்டன.

இம்மாற்றத்திற்குச் சூரிய வெப்பம் காரணமன்று. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிவடைந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி மழையாகவும் பனியாகவும் சுருங்கும்போது, ஆவியாவதற்காக முன்னர் ஏற்றுக்கொண்ட வெப்பம், அதாவது உள்ளுறை வெப்பம், காற்றிலேயே விடப்படுவதால் குளிர்ச்சி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 பாகை என்ற அளவில் மட்டுப்படுகிறது. உச்சியைக் கடந்து இறங்கும் காற்றோ ஈரத்தை இழந்திருப்பதால், அழுத்தம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் வெப்பமடைகிறது. கடல் மட்டத்தில் 10 பாகையாக இருந்த காற்று 3 கிலோமீட்டர் உயரத்தில் −8 பாகையாகி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில் அமைந்த கால்கரி நகரை 12 பாகையில் அடைவதை இக்கணக்கு காட்டும். ஆஸ்திரிய வானிலையியலாளர் யூலியஸ் ஹான் 1866இல் ஆல்ப்ஸ் மலையின் ஃபான் காற்றைக் கொண்டு, இறங்கும் காற்று அழுத்தத்தாலேயே வெப்பமடைகிறது என்பதை நிறுவினார். அதற்கு முன் அது சகாரா பாலைவனத்திலிருந்து வருவதாகப் பலர் கருதினர். மேற்குச் சரிவில் மழையே பெய்யாதபோதும், தாழ்வான காற்று மலையால் தடுக்கப்பட்டு மேலடுக்குக் காற்று மட்டும் கடந்து இறங்கினால் இதே விளைவு ஏற்படும்.

ஆனால் சில நிமிடங்களில் நேரும் தாவலை இவ்விளக்கம் மட்டும் தெளிவாக்காது. ஆர்க்டிக் பகுதியிலிருந்து இறங்கும் குளிர்காற்று அடர்த்தி மிக்கதாகையால், சில நூறு மீட்டர் தடிப்பே கொண்ட அடுக்காகத் தரையை ஒட்டிப் பரவி மலையடிவாரத்தில் தேங்குகிறது. வெப்பமான சினூக் அதன் மேல் ஏறிச் செல்கிறது. தட்டில் உள்ள நீர் அசையும்போது விளிம்பு நனைவதும் உலர்வதும் போல, இக்குளிர் அடுக்கின் ஓரம் முன்னும் பின்னும் நகர நகர, ஓரத்தில் அமைந்த ஊர் இரு வேறு காற்றுத்திரள்களுக்குள் மாறி மாறி அகப்படுகிறது. ஸ்பியர்ஃபிஷில் காற்று இரண்டு நிமிடத்தில் சூடேறவில்லை. குளிர்ந்த காற்று விலகி, ஏற்கெனவே வெப்பமாயிருந்த காற்று அதன் இடத்தைப் பிடித்தது என்பதே சரியான விளக்கம். அதே நாளில் உயரத்திலிருந்த லெட் நகரில் 11 பாகையும், சில கிலோமீட்டர் தொலைவில் பள்ளத்திலிருந்த டெட்வுட்டில் −27 பாகையும் ஒரே நேரத்தில் நிலவியமை இதற்குச் சான்று.

சினூக் வரும்போது மலைக்கு மேல் நீண்ட மேகப்பரப்பு வளைந்து நிற்க, அதற்குக் கீழே மேற்கு அடிவானத்தில் நீலவானம் ஒரு பட்டையாகத் தெரியும். சினூக் வளைவு எனப்படும் இதனைக் கால்கரி மக்கள் நன்கறிவர்.

பனியைத் தின்னும் காற்று என இது அழைக்கப்படுவதற்கு, தரைப்பனியின் ஒரு பகுதி நீராகாமல் நேரே ஆவியாக மாறுவது, அதாவது பதங்கமாதல், ஒரு காரணம். மேய்ச்சல் நிலத்தைத் திறந்துவிடும் இக்காற்று கால்நடை வளர்ப்போருக்குப் பெரும் துணையாக இருந்தது. அது வராத குளிர்காலமோ பேரழிவாக முடிந்தது. 1886–87இன் கடுங்குளிரில் மொன்டானாவிலும் அண்டைப் பகுதிகளிலும் மாடுகள் பெருந்திரளாக மடிந்தன. பனியில் நிற்கும் எலும்புந்தோலுமான ஒரு மாட்டை அப்போது வரைந்த சார்லஸ் ரஸ்ஸல், சினூக்குக்காகக் காத்திருத்தல் என்னும் பொருள்படும் பெயர் பெற்ற அச்சிறு ஓவியத்தால் புகழடைந்தார். அரைகுறையாக வந்து ஓயும் சினூக்கும் தீங்கானதே: உருகிய பனி மீண்டும் உறைந்து கெட்டிப் படலமாகும்போது, அதனை உடைத்துப் புல்லை அடைய மாடுகளால் இயலாது. ஊசியிலை மரங்கள் வெப்பக்காற்றில் நீராவியை வெளிவிட, வேர்கள் உறைந்த மண்ணிலிருந்து நீரை எடுக்க முடியாததால் இலைகள் செந்நிறமாகக் கருகுகின்றன. இவ்வாறு கருகிய மரங்கள் மலைச்சரிவில் செம்பட்டை போலத் தெரியும். சினூக் நாள்களில் ஒற்றைத் தலைவலி கூடுவதாக மக்களிடையே நெடுங்காலமாக நிலவிய கருத்து நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்குப் பொருந்துவதைக் கால்கரியில் நடத்தப்பட்டு 2000இல் வெளியான மருத்துவ ஆய்வு உறுதிசெய்தது.

இதே இயக்கத்தால் தோன்றும் காற்று வெப்பமண்டலத்திலும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மத்திய மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு இறங்கி, மட்டக்களப்புப் பக்கம் சூடாகவும் வறட்சியாகவும் வீசும் கச்சான் காற்று இவ்வகையைச் சேர்ந்தது. எனினும் அங்கு எதிர்நிற்கும் ஆர்க்டிக் குளிர்காற்று இல்லாமையால் பெரும் வெப்பநிலைத் தாவல் நிகழ்வதில்லை.

மலையைக் கடக்கும் மேலைக்காற்று வலுப்பெறுவதை இன்றைய கணினி மாதிரிகள் சில நாள்களுக்கு முன்பே காட்டிவிடுகின்றன. தரையில் தேங்கிய மெல்லிய குளிர் அடுக்கு எந்த ஊரில் எந்த மணிக்கு விலகும் என்பதைக் கணிப்பதே கடினமாக உள்ளது. அடிவாரத்து ஊர்களின் குளிர்காலத்தை மாதச் சராசரியைக் கொண்டு மதிப்பிடுவது பெரும்பாலும் பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். உழவருக்கும் சாலைப் பயணிக்கும் பயன்படுவது மணிக்கணக்கில் எடுக்கப்படும் அளவீடே.