வெள்ளியில் மழை பெய்யுமா?



தஞ்சோங் பகாரில் என் தமிழ் வகுப்பில் "வெள்ளி" என்றதும் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூர்ப் பணமே. கிழமையும் உலோகமும் அதன் பின்னர்தான். சில ஆண்டுகளுக்கு முன் கருத்தறிதல் பயிற்சியொன்றில், மிகவும் வெப்பமான கோள் எது என வினவியிருந்தேன். ஒரு மாணவி வெள்ளி என எழுதினாள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதனே விடை என்றெண்ணி நான் அதனைத் தவறெனக் குறித்தேன். மறுநாள் அவள் நூலகப் புத்தகத்துடன் வந்து நின்றாள். தவறு என்னுடையதே. அதன் பின்னரே இக்கோளைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

வெள்ளி தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. அவ்வாறு நேரினும் காவிரி பொய்யாது என்னும் செய்தியோடுதான் பட்டினப்பாலை தொடங்குகிறது. 1761இல் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்தபோது, அதற்கு வளிமண்டலம் உண்டென ரஷ்ய அறிஞர் லோமனோசோவ் கருதினார். 1874 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்த கடப்பை நம்மவர்க்கு விளக்கச் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி சிறுநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். (2012 ஜூன் 6 காலை சிங்கப்பூரிலும் அத்தகைய கடப்பு நிகழ்ந்தது, அடுத்தது 2117இல்தான்!)

ஆயினும் மேகத்திரைக்கு அடியிலுள்ள தரையை எவரும் கண்டிலர். அதன் குறுக்களவு 12,104 கி.மீ.; பூமியைவிடச் சற்றே சிறியது. ஆகவே பூமியின் இரட்டைப் பிறவி என்றனர். அங்கே சதுப்பு நிலங்கள் இருக்கலாம் என 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அறிஞர் சிலர் எண்ணினர்.

1962இல் அருகே சென்ற அமெரிக்காவின் மரைனர் 2 அக்கனவைக் கலைத்தது. 1970இல் சோவியத் நாட்டின் வெனேரா 7 தரையிறங்கிச் செய்தி அனுப்பியது. 1982இல் இறங்கிய வெனேரா 13 வண்ணப் படங்களை அனுப்பிய பின் 127 நிமிடங்களில் அடங்கிவிட்டது. வியப்பென்ன? அங்கே வெப்பம் ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ், ஈயம் உருகிவிடும். காற்றழுத்தம் இங்குள்ளதைப் போல் 90 மடங்குக்கும் மேல். கடலில் 900 மீட்டர் ஆழத்தில் நிற்பது போன்றது. காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு. அது வெப்பத்தை எளிதில் வெளியேற விடுவதில்லை. தொலைவில் இருந்தும் வெள்ளி புதனை விஞ்சுவது இதனால்தான்.

மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். "அங்கே மழை பெய்யுமா, டீச்சர்?" என்றாள். அன்று விடை தெரியாமல் விழித்தேன், மறுவாரம் சொன்னேன். அம்மேகங்கள் கந்தக அமிலத்தால் ஆனவை. துளிகள் விழத்தான் செய்கின்றன. ஆனால் தரையை எட்டுமுன்னரே ஆவியாகிவிடுகின்றன.