தகர வில்லையும் நீலப் புத்தகமும்

தாம்பரம் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குக் கோப்போடு வருகிறவர்களை என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டால், “ரினீவல்” என்பார்கள். படிவத்தில் அந்தச் சொல் கிடையாது. ‘மறுவழங்கல்’ என்றுதான் இருக்கிறது. இதை வெறும் சொல் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. புதுப்பித்தல் என்றால் பொருள் ஏற்கெனவே நம்முடையது, அதன் ஆயுளை நீட்டிக்கிறோம் என்றாகும். மறுவழங்கல் என்றால் கொடுத்தவர் மறுபடியும் கொடுக்கிறார்; கொடுக்காமலும் இருக்கலாம். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: வழங்கப்பட்ட பாஸ்போர்ட் எக்காலத்திலும் மத்திய அரசின் சொத்து. பத்து வருஷம் பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் நாம் அதன் காவலாளிதான், சொந்தக்காரர் அல்ல.

கடவுச்சீட்டின் கதையைப் பயணச் சுதந்திரத்தின் கதையாகச் சொல்வது நடுத்தர வர்க்கத்துக்குப் பழகிப்போன சொல்லாடல். கீழிருந்து பார்த்தால் அது உடல்களைத் தரம் பிரிக்கும் கதை. யார் போகலாம், யார் போகக்கூடாது, யார் போயே ஆகவேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே காகிதத்தைக் கொண்டு பதில் எழுதப்பட்டிருக்கிறது.

1

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில். ‘போட் மெயில்’ என்று பேர்பெற்ற அந்த வண்டி தாம்பரத்தைத் தாண்டித்தான் தெற்கே போயிற்று. ஒரே டிக்கெட்டில் சென்னையிலிருந்து கொழும்பு. எல்லை இல்லாத அந்தக் காலத்தை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறவர்கள் உண்டு.

அதே தண்டவாளத்தின் தென்கோடியில் இருந்த மண்டபம் முகாமை அந்த ஏக்கம் மறந்துவிடுகிறது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. கங்காணிகள் திரட்டிய தோட்டத் தொழிலாளர்களை அங்கே தடுத்துவைத்து, நோய் பார்த்து, கணக்கெடுத்துக் கப்பலேற்றினார்கள். அவர்கள் கையில் பாஸ்போர்ட் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவர்களுக்குத் தகர வில்லை தரப்பட்டது. போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். தோட்டத்துக்குள் போனபிறகு ‘துண்டு’. இன்னாருக்கு இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் சேர்க்காது. 1921இல்தான் துண்டுமுறை ஒழிந்தது.

தகர வில்லைக்கும் கடவுச்சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே காலத்துக் கருவிகள். முதல் உலகப்போரின்போது, 1917இல், பாஸ்போர்ட் இல்லாமல் கடல் வழியே இந்தியாவை விட்டுப் போவதைக் குற்றமாக்கும் விதிகள் வந்தன. போர் முடிந்தது, விதி முடியவில்லை. 1920இல் இந்தியாவுக்குள் நுழைகிறவர்களிடம் பாஸ்போர்ட் கேட்கும் சட்டம் வந்தது. மேலே இருந்தவனுக்குப் புகைப்படம் ஒட்டிய புத்தகம், கீழே இருந்தவனுக்கு எண் பொறித்த தகரம். ஒருவனுக்குப் பெயர், இன்னொருவனுக்கு எண்.

2

1947க்குப் பிறகு புத்தகத்தின் முகப்பு மாறியது. தரம் பிரிக்கும் பழக்கம் மாறவில்லை. 1950களில் பிரிட்டனுக்குப் போக விரும்பிய ஏழைகளுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் பாஸ்போர்ட் தர இந்திய அரசே தயங்கியது, மறுத்தது. வெளிநாட்டில் நாட்டின் ‘மானம்’ போய்விடுமாம். வெள்ளைக்காரன் ‘கூலி’ என்று ஒதுக்கிய அதே உடலைச் சுதந்திர இந்தியாவின் அதிகாரியும் ஒளித்துவைக்கப் பார்த்தார். கொடுப்பதும் மறுப்பதும் முழுக்க அதிகாரியின் விருப்பம். அதை நெறிப்படுத்தச் சட்டம் ஒன்றும் கிடையாது.

1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தப் போக்கை உடைத்தது. மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று தீர்ப்பு வந்தது. அரசு சும்மா இருக்குமா? அந்த ஜூனிலேயே பாஸ்போர்ட் சட்டம் நிறைவேறியது. தீர்ப்பு உரிமை என்றது. சட்டம் அந்த உரிமையை மறுப்பதற்கான காரணங்களை வரிசையாக எழுதிவைத்தது. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் ‘பொதுநலன்’ என்ற ஒற்றை வார்த்தையால் முடக்கப்பட்டது. 1978 ஜனவரித் தீர்ப்பு, முடக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும் என்றது. முடக்கும் அதிகாரம் அப்படியே இருந்தது.

3

இந்த இரண்டு தீர்ப்புகளையும் கொண்டாடுகிற வரலாறுகள் சொல்லாத இன்னொரு அத்தியாயம் நம்முடையது. 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அவர்கள் லயத்தை விட்டு ஓரடி நகரவில்லை. காலடியில் இருந்த நாடு நகர்ந்துவிட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அந்த மீதியும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேயிலைக் கொழுந்து பறித்த கைகளுக்கு அப்போது கிடைத்தது இந்திய பாஸ்போர்ட். தாம்பரத்துக்காரனுக்கு வெளியே போகும் கதவாக இருந்த அதே நீலப் புத்தகம், பண்டாரவளையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெளியேற்ற நோட்டீஸ் ஆயிற்று. பார்த்திராத ஒரு ஊருக்குத் ‘திரும்பி’ப் போகச் சொன்னது. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், மறுபடியும் மண்டபம் முகாம். தாத்தா கப்பலேறிய இடத்திலேயே பேத்தி இறங்கினாள். 1984இல் அந்தக் கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட்டோடு அக்கரையிலேயே தங்கிப்போனவர்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இரண்டு நாட்டுக்கும் நடுவே தொங்கினார்கள்.

இக்கரையில் அதன் மறுபக்கம். 1983க்குப் பின் வந்த அகதிகளின் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்தார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்பது குடியுரிமைச் சட்டம். ஆனாலும் மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இந்திய பாஸ்போர்ட் பெற, 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் அவளுக்குக் கொடுத்ததை முகாம் என்ற முகவரி மறைத்துவிட்டது.

4

முகவரி! இங்கேதான் தென்சென்னைப் புறநகர் வருகிறது. பம்மலில் ஒரே வீட்டில் இருப்பவர் 2015இல் பாஸ்போர்ட் எடுத்திருந்தால், அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டம், பம்மல் நகராட்சி. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி. 2022இல் தாம்பரம் போலீஸ் கமிஷனரேட். பத்து வருஷம் முடிந்து மறுவழங்கலுக்கு வரும்போது ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பழைய புத்தகத்தில் இன்னொன்று. மனிதர் அசையவில்லை. தான் வைத்த பெயரைத் தானே மாற்றிய அரசு, “ஏன் ஒத்துப்போகவில்லை?” என்று அவரையே கேட்கிறது. வாடகைக்கு இருப்பவர் பாடு சொல்லவே வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத வீட்டுக்காரர் பல்லாவரத்திலும் உண்டு, பெருங்களத்தூரிலும் உண்டு.

புத்தகம் கைக்கு வந்த பிறகும் தரம் பிரித்தல் ஓயவில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாவது தேறாதவர் வளைகுடா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்கவேண்டும். அந்த முத்திரை பாஸ்போர்ட்டிலேயே விழும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். ஏமாற்றும் ஏஜெண்டுகள் இருக்கும்வரை பாதுகாப்பு தேவைதான். ஆனால் குறி விழுவது ஏமாற்றுகிறவன் மேலல்ல, ஏமாறக்கூடியவன் மேல். 2018 ஜனவரியில் இவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை என்று அறிவித்தே விட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மாதமே கைவிட்டார்கள். தகர வில்லை கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிட்டது.

5

இதை வாசிக்கிற தோழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது சட்டத்தின் 6(2)(f) பிரிவு. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். 1993 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை, நீதிமன்ற அனுமதி பெற்றால் தரலாம் என்கிறது. நீதிமன்றம் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருஷத்துக்கு. மற்றவருக்குப் பத்து வருஷம், போராடியவருக்கு ஒரு வருஷம்.

கூடங்குளம் போராட்டத்தில், 2011, 2012இல், ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோகம் உட்பட வழக்குகள் போடப்பட்டன. எஃப்.ஐ.ஆரில் சில பெயர்கள், பிறகு “மற்றும் பலர்”. அந்தப் ‘பலருக்குள்’ யார் என்பது எப்போது தெரியவந்தது? கடற்கரை கிராமத்துப் பையன் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை வந்தபோது. வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லியும், பல வழக்குகளுக்கு 2021இல் மாநில அரசின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிறைக்கு அனுப்பாமலேயே ஒரு தலைமுறையை ஊருக்குள் அடைத்துவைக்க முடியும் என்பது அங்கே நிரூபணமாயிற்று. எந்தத் தீர்ப்பும் இல்லாமல் கிடைத்த தண்டனை இது.

ஆகவே சில காரியங்கள். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பது நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இது ஒவ்வொரு இயக்கத் தோழருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திரும்பப் பெற்றதாக அறிவித்த வழக்குகள் காவல் நிலையப் பதிவேட்டிலும் மூடப்பட்டனவா என்று ஊர்வாரியாகக் கேட்டுப் பட்டியல் போடவேண்டும். ஊர்வலம் போய்விட்டு ‘மற்றும் பலரில்’ கரைந்துபோன இளைஞனுக்காகச் சங்கமே நீதிமன்றப் படி ஏறவேண்டும். துண்டுமுறை 1921இல் தானாக ஒழியவில்லை. கேள்வி எழுந்த பிறகே ஒழிந்தது. இங்கேயும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நான் திரும்பி வரும் உரிமையையும் வெளியே போகும் உரிமையையும் எழுதிய புத்தகம், என்னைத் தவிர எல்லோருக்கும் ஏன் சொந்தமாக இருக்கிறது?