நாட் கிங் கோல்

நாட் கிங் கோல் (1919–1965) அமெரிக்க ஜாஸ் பாடகர், பியானோ கலைஞர். உலகம் அவரைக் குரலால் அறிந்திருக்கிறது. ஆனால் அவருடைய பியானோ வாசிப்பு அந்தக் குரலுக்கு எந்த வகையிலும் இளைத்ததன்று.

இயற்பெயர் நத்தானியேல் ஆடம்ஸ் கோல்ஸ். அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தார். தந்தை பாப்டிஸ்ட் போதகர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த தாய் பெர்லினாவே மகனின் முதல் ஆசிரியர். அந்நாளில் சிகாகோவில் கொடிகட்டிப் பறந்த பியானோ கலைஞர் எர்ல் ஹைன்ஸின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே கோல் ஜாஸ் கற்றார்.

1937இல் ஓர் இசை நாடகக் குழுவுடன் கலிபோர்னியா சென்றார். குழு அங்கே கலைந்துபோக, லாஸ் ஏஞ்சலஸ் விடுதிகளில் வாசித்துப் பிழைத்தார். அங்கே ஆஸ்கார் மூர் (கிடார்), வெஸ்லி பிரின்ஸ் (பாஸ்) ஆகியோருடன் உருவானது 'கிங் கோல் ட்ரியோ'. பெரிய இசைக்குழுக்களே கோலோச்சிய காலத்தில் இக்குழுவில் டிரம்ஸ்கூட இல்லை. தாளத்தை மூன்று கருவிகளும் தமக்குள் பகிர்ந்துகொண்டன. அதனால் ஒவ்வொரு சுரமும் துலக்கமாகக் கேட்டது. பியானோ கலைஞர்கள் ஆர்ட் டேட்டமும் ஆஸ்கார் பீட்டர்சனும் பின்னர் இதே அமைப்பைக் கையாண்டனர்.

1943இல் காபிடல் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான 'ஸ்ட்ரைட்டன் அப் அண்ட் ஃபிளை ரைட்' முதல் பெருவெற்றி. தந்தை பிரசங்கத்தில் சொன்ன கழுகு, குரங்குக் கதையிலிருந்து அந்தப் பாடலை அவர் எழுதினார். பிறகு குரல் முன்னே வந்தது, பியானோ பின்னே போனது. 'நேச்சர் பாய்' (1948), 'மோனா லிசா' (1950), 'அன்ஃபர்கெட்டபிள்' (1951) ஆகியவை வயலின்கள் சூழ வந்த மெல்லிசைப் பாடல்கள். இவற்றின் விற்பனையால் வளர்ந்த காபிடல் ஹாலிவுட்டில் எழுப்பிய வட்டக் கோபுரம் 'நாட் கட்டிய வீடு' என்றே பெயர் பெற்றது.

இத்தனை புகழும் கறுப்பினத்தவரான அவரை நிறவெறியிலிருந்து காக்கவில்லை. 1948இல் வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கியபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். 1956இல் அலபாமாவின் பர்மிங்காம் மேடையில் பாடிக்கொண்டிருந்தவரை வெள்ளை நிறவெறியர்கள் பாய்ந்து தாக்கினர். அதே ஆண்டு நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே வாராந்தர நிகழ்ச்சி தொடங்கியது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டே போன்ற பாடகர்கள் குறைந்த ஊதியத்துக்கே வந்து பாடினர். ஆயினும் கறுப்பினத்தவரின் நிகழ்ச்சிக்கு நாடு முழுவதற்குமான விளம்பரதாரராக ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. ஓராண்டுக்குப் பின், 1957 டிசம்பரில், கோலே அதை நிறுத்திக்கொண்டார்.

அதே 1957இல் வெளியான 'ஆஃப்டர் மிட்நைட்' ஆல்பத்தில் மீண்டும் பியானோவில் அமர்ந்தார். வாசிப்பும் பாட்டும் ஒருவரிடமே பிறக்கும்போது கிடைக்கும் இசைவு அதில் முழுமையாக உண்டு. கோலை அறிய விரும்புவோர் முதலில் கேட்கவேண்டிய பதிவும் அதுவே. அடுத்த ஆண்டு ஸ்பானிய மொழிப் பாடல்களைப் பதிவு செய்தார். அம்மொழி அறியாததால் உச்சரிப்பை மட்டும் கற்றுப் பாடினார். 1962இல் 'ராம்ப்ளிங் ரோஸ்' பெரும் வரவேற்புப் பெற்றது.

ஓயாமல் புகைபிடித்தவர் கோல். நுரையீரல் புற்றுநோயால் 1965 பிப்ரவரி 15 அன்று தம் 45ஆம் வயதில் சாண்டா மோனிகாவில் இறந்தார். 1991இல் மகள் நாட்டலி கோல், தந்தையின் பழைய பதிவோடு தம் குரலை இணைத்து 'அன்ஃபர்கெட்டபிள்' பாடலை வெளியிட்டார். மறு ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது.